ஓலைப்பெட்டியோடு அம்மா

அம்மாவின் இறப்புச் சான்றிதழோடு தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் அம்மாவே படமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், கையில் ஓலைப்பெட்டியோடு. கீழே 'சாதனைப் பெண்' என்று எழுதியிருந்தது.

அந்தப் படம் எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. குற்றாலத்தில் சாரல் காலம். அருவிக்குப் போகிற வழியில் அம்மா ஓலைப்பெட்டி முடைந்து விற்பாள். அரசாங்கத்திலிருந்து போட்டோ எடுக்க வந்தவர்கள், அங்கேயே நிரந்தரமாக ஒரு கடை தருவதாகச் சொன்னார்கள். சாயம் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவர்கள் சொன்னபடி சிரித்தாள்.

மறுவாரம் கடை வேறொருவருக்குப் போனது. அம்மா போய்க் கேட்டாள்.

"அதான் போட்டோ எடுத்தாச்சுல்லா" என்றார்கள்.

நனைந்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு மேலகரத்தில் இருந்த வீடுவரை நடந்தாள்.

படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் கேட்டார், "அம்மா என்ன வேலை பாத்தாவ?"

"சாகுத வரைக்கும் பீடி சுத்துனாவ" என்றேன்.