பத்து வயதுக்கு மேல் இடமில்லை

1939 ஆவணியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தபால்காரர் கொடுத்த கனத்த உறைக்குள் இரண்டு அச்சிட்ட பாரங்கள் இருந்தன. மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்த ஏசுவடியான் தன் மனைவி தேவகிருபைக்கு அனுப்பியவை. மூன்று வருஷம் தனியாகச் சமைத்துத் தின்று அலுத்துவிட்டது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. பக்கத்துப் பட்டணத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருந்தது. ஜனவரியில் சேர்க்க வேண்டுமானால் பாரங்கள் உடனே போய்ச் சேர வேண்டும்.

தேவகிருபை மிஷன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக டீச்சர். பள்ளிக்கூடப் பாரத்தைக் கண்டு மலைக்கிறவள் இல்லை. ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளுக்குப் படம் எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மை குத்திய சான்று வாங்கினாள். பாரத்தின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை அதற்குப் பிறகுதான் படித்தாள். தாய்மொழியில் படித்து வரும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டு. ஜனவரி முதல் தேதியில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை.

வில்சனுக்கு ஏழு வயது. ஏசம்மாளுக்கு அந்தத் தேதியில் பத்து முடிந்து நான்கு மாதம் ஆகியிருக்கும்.

தம்பி இங்கிலீஷில் தன் பேரை எழுதவே தடுமாறுவான். ஏசம்மாளோ ஜெபப் புத்தகத்தை இங்கிலீஷில் வாசிப்பாள். தேவகிருபை பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டாள். ஐந்து வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: பையனைச் சேர்த்துக்கொள்கிறோம், பெண்ணுக்கு விதி இடம் தரவில்லை.

அதே தபாலில் ஏசுவடியானின் கடிதமும் வந்தது. “வயதைக் குறைத்து ஒரு சான்று வாங்கி அனுப்பு. இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.”

அவளுக்கும் அது தெரியாததல்ல. ‘பஞ்சத்துக்கு மறு வருஷம் பொறந்தான்’ என்று பிள்ளையைச் சேர்க்க வந்த வன்னியம்பட்டி உழவுச் சம்சாரி சொன்னால், ஏதோ ஒரு தேதியைப் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் போட்டவள்தான் அவளும். தன் மகளின் தேதியோ ஞானஸ்நானப் புத்தகத்தில் மை காய்ந்து கிடந்தது. சபை போதகர் வேதசிரோமணி ஐயரிடம் போய் நின்றாள்.

“ஒரு வருஷந்தான் ஐயா. யாருக்கும் நட்டமில்லையே.”

அவர் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைப் புரட்டினார். “புத்தகத்துல இருக்கத எழுதித் தாரேன், கிருபை. இல்லாதத எழுதச் சொல்லாதம்மா. நாளைக்கு நீ பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுப்பே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள்.

வேறு வழியே இல்லாமல் போகவில்லை. மகளையும் அழைத்துப் போய்ப் படிப்பை நிறுத்தித் தோட்டத்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஏசுவடியானும் கடைசியில் அப்படித்தான் எழுதினார். தேவகிருபைக்கு மனம் ஒப்பவில்லை. அவளே ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து ஆளானவள். மகளையும் போர்டிங்கில் விடுவதென்று முடிவு கட்டினாள்.

“எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்மா. நானும் வாரேன். ஒனக்குச் சோறு பொங்கித் தாரேன்,” என்றாள் ஏசம்மாள்.

“சோறு பொங்கவா ஒனக்கு இம்புட்டும் படிச்சுக் கொடுத்தேன்? ரெண்டே வருசந்தாண்டி. பொறவு வந்து கூட்டிட்டுப் போறேன்.”

டிசம்பரில் ஏசம்மாள் ஸ்டேஷன்வரை வந்து வழியனுப்ப, தாயும் மகனும் ரயிலில் நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். வில்சன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். மாதம் ஒரு கடிதம் மகளிடமிருந்து வந்தது. கணக்கில் முதல், போர்டிங்கில் எல்லாருக்கும் சொறி, எப்போது வருவாய் என்று எழுதுவாள். இரண்டாம் வருஷக் கடைசியில் தேவகிருபை ஊருக்கு வரச் சீட்டும் வாங்கியிருந்தாள். அந்த டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கினான். கப்பலும் நின்றது, தபாலும் நின்றது.

பள்ளிக்கூடத்தில் பட்டாளம் குடியேறியது. நாற்பத்து மூன்றில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, கூலிகளுக்குப் பேர் எழுத ஏசுவடியானையும் லாரியில் ஏற்றினார்கள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அங்கே வாந்திபேதியில் போய்விட்டார் என்று மறுவருஷம் தப்பி வந்த ஒருவன் சொன்னான். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்துக் கிடந்த வீட்டில், வில்சனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினாவுக்காக அவள் நாலு தோட்டம் அலைந்தாள். ஒரு மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. பையன் பன்னிரண்டு வயதில் செத்தான். பக்கத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், இருந்த குருசாமியும் அவளுமாகக் குழி வெட்டினார்கள். ஜெபத்தை அவளே சொன்னாள்.

நாற்பத்தாறில் கப்பல் கிடைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தாள். போர்டிங்கில் ஏசம்மாள் இல்லை. பணம் வராத பிள்ளையை ஒன்றரை வருஷம் அடுப்படி வேலைக்கு வைத்துக்கொண்டு படிக்க விட்டார்களாம். பிறகு அவளே போய்விட்டாளாம். எட்டாவது முடிக்கவில்லை.

ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிற கொட்டகையில் அவளைக் கண்டுபிடித்தாள். பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மகள் யார் என்று தாய்க்குப் பிடிபடவில்லை. மூக்குத் தண்டில் அம்மைத் தழும்போடு ஒருத்தி எழுந்து வந்தாள்.

“வாங்க,” என்றாள். பிறகு தாயின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். “தம்பி எங்க?”

தேவகிருபை தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏசம்மாள் புரிந்துகொண்டாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். கங்காணி கூப்பிடவே போய் மறுபடி துணி சுருட்டினாள்.

ஒரே அறையில் இருவரும் இரண்டு வருஷம் குடியிருந்தார்கள். தாயைப் பழைய பள்ளிக்கூடத்தில் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். “எட்டாவதப் பிரைவேட்டா எழுதுட்டி, நான் சொல்லித் தாரேன்,” என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். “படிச்சது போதும்,” என்று மகள் அதோடு முடித்துவிட்டாள்.

மலாயாக் காய்ச்சல் தேவகிருபையை அவ்வப்போது வந்து உலுக்கும். அப்படி ஒரு காய்ச்சலில், ஈரத் துணியைத் தாயின் நெற்றியில் போட்டபடி ஏசம்மாள் கேட்டாள்:

“ரயில் கெளம்பும்போது கூப்பிட்டேனே. ஏன் திரும்பிப் பாக்கல?”

“பாத்தா எறங்கியிருப்பேன்.”

“எறங்கியிருக்கலாம்ல.”

தேவகிருபை நெற்றித் துணியை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

நாற்பத்தெட்டில் ஏசம்மாளை மில் பிட்டர் பொன்னுராஜ் கட்டிக்கொண்டான். கோயமுத்தூரில் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். போகும்போது, “ஒடம்பப் பாத்துக்கோங்க. காயிதம் போடுதேன்,” என்று மகள் சொன்னாள். கூட வரச் சொல்லவில்லை. தாயும் கேட்கவில்லை.

மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே தேவகிருபை பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்று புதிதாகச் சேர்க்க வந்த பிள்ளைகள் ஒன்பது பேர். ஒவ்வொருத்தரின் பேரையும் தகப்பன் பேரையும் பிறந்த தேதியையும் கேட்டுக் கேட்டு எழுதினாள்.