தனலக்ஷ்மியின் பதினோரு விநாடி

தனலக்ஷ்மி உரக்கப் பேசி, அவள் குடியிருக்கும் நீலசந்திராவில் யாரும் கேட்டதில்லை. குழாயடியில் யாராவது குடத்தை முன்னால் தள்ளினாலும் நகர்ந்து வழிவிடுவாள். கோலார் தங்கவயலில் ஆறாவதோடு படிப்பை விட்டவள். பதினெட்டு வருடமாகப் பொம்மசந்திராவில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்த துணியின் மிச்ச நூலை வெட்டுகிறாள். தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் மற்றவர்கள் எழுதுவார்கள். அவள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால் மைக்கை அழுத்திப் பேசிவிடுவாள். முகம் தெரியாத அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் உயரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் குரூப்பைத் திறந்தாள். யாரோ ஒருவனைத் தெருமுனைக் கம்பத்தில் கட்டிவைத்த படம். பிள்ளை பிடிக்கிறவனாம், மிட்டாய் கொடுத்தானாம். வீட்டில் மகள் ரூபினி தனியாக இருந்தாள். தனலக்ஷ்மி மைக்கை அழுத்தினாள்.

"விடாதீங்கண்ணா! கால ஒடைங்க. அப்பதான் இன்னொருத்தன் இந்தப் பக்கம் வரமாட்டான்!"

பதினோரு விநாடி. மணி அடித்தது. வேலைக்குப் போய்விட்டாள்.

பிடிபட்டவன் முனிராஜ், பிளாஸ்டிக் குடம் விற்பவன். அழுத குழந்தைக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், வலது கால் உடைந்து.

நான்கு பேரைப் போலீஸ் பிடித்தது. மூன்றாம் நாள் குரூப்பை நடத்தும் டெரிக் வந்தான்.

"அக்கா, 'அடி', 'போடு'ன்னு எழுதினவங்க எல்லாம் அன்னிக்கே அழிச்சிட்டாங்க. உன்னுது மட்டும் உக்காந்துனு இருக்குது."

"அத அழிக்கலாமாப்பா?"

"நல்லா கேட்ட போ! போலீஸ் காப்பி எடுத்துட்டாங்க. நாளைக்கு உன்ன வரச் சொல்லியிருக்காங்க."

அன்று மாலை ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவன் தாஸ் குரலைத் தாழ்த்தினான். "ஃபோன வீட்ல வச்சிட்டு ஃபேக்டரிக்குப் போயிட்டேன், ரூபினி பேசிட்டான்னு சொல்லு. பதினாறு வயசுப் பொண்ணு, திட்டி அனுப்பிடுவாங்க. உனக்குக் கேஸ் ஆச்சுன்னா வேல போயிடும்டி."

ரூபினி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சொல்லிக்கோம்மா. என் குரலும் உன்னுது மாதிரிதானே இருக்குது."

அவள் மாட்டேன் என்றிருந்தால்கூடத் தனலக்ஷ்மிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அந்தக் குரலை ஓடவிட்டார். ரூபினி வெளியே பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அங்க இல்லவே இல்ல சார். ஃபேக்டரில இருந்தேன்."

"நீ இல்லம்மா. நீ சொன்னது இருந்துச்சே. அடிச்சவன் இத ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டிருக்கான், அப்புறம்தான் கட்டைய எடுத்திருக்கான். அடின்னு தூண்டி விட்டாலும் குத்தம்தான், தெரியுமா?"

மறுபடி ஓடவிட்டார். 'கால ஒடைங்க' என்ற இடத்தில் தனலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டாள்.

"யார் குரல் இது? வீட்ல வேற யாராவது பேசினாங்களா?"

அவள் உதடு அசைந்தது.

"கேக்கலம்மா. சத்தமா சொல்லு."

வெளியே பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னாள்:

"என்னுது சார். நான்தான் ஒடைக்கச் சொன்னேன்."