மைனஸ் காட்டிய தடுப்பூசிப் பெட்டி

தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குத் தனியாக பைக்கில் ஏறுவேன், தனியாக இறங்குவேன். வழியெல்லாம் மூங்கில் உரசும் சத்தம், போய்ச் சேர்ந்தால் கம்ப்ரசர் சத்தம். பேச்சுத்துணை அவ்வளவுதான்.

அன்று மேலே சுகாதார நிலையத்தில் நர்ஸ் அழாத குறையாக நின்றார். பிரிட்ஜ் தெர்மாமீட்டரில் மைனஸ் 0.7. இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. உறைந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். வெளியே, மலைப்பாதையில் குழந்தைகளைச் சுமந்து நடந்து வந்த தாய்மார்கள்.

“இன்னா சிஸ்டர், ஊசி உண்டா இல்லியா? திரும்ப அவ்ளோ தூரம் நடக்கணும்ல?”

“இரும்மா. பொட்டிக்கே ஜுரம் பாத்துகினு இருக்காரு.”

உள்ளே கைவைத்தேன். குளிர் இருந்தது, ஓரிடத்திலும் பனி கட்டவில்லை. எனக்குத் தெர்மாமீட்டர் மேல்தான் சந்தேகம். பக்கத்து ப்ரீசரில் இருந்த ஐஸை உடைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, தெர்மாமீட்டரின் முனையை அமிழ்த்தினேன். உருகும் ஐஸ் சரியாகப் பூஜ்யம். அது காட்டியதோ மைனஸ் 3.1.

“இதான் தெர்மாமீட்டரோட தப்பு. இதைக் கழிச்சிடணும்.”

“கழிச்சா மைனஸ் மூணு புள்ளி எட்டுக்கு இல்ல போவும்? நல்லா வந்தீங்கண்ணே, ரிப்பேர் பண்ண!”

“தப்பே மைனஸ்ல இருக்குது சிஸ்டர்.”

அவர் டம்ளரையே பார்த்தார். “பூஜ்யத்தயே மூணு புள்ளி ஒண்ணு கம்மியா சொல்லுது. அப்போ பொட்டியயும் அவ்ளோ கம்மியாத்தான் சொல்லிகினு இருக்கும். கம்மி பண்ணத திருப்பிக் குடுத்தா…” உதடு அசைந்தது. “ரெண்டு புள்ளி நாலு!”

கணக்கை மட்டும் நம்பிவிடவில்லை. மருந்துக் குப்பிகளைக் குலுக்கிப் பார்த்தோம். உறைந்த மருந்தென்றால் திரிதிரியாகி அடியில் படியும். இது பால்போல் ஒரே சீராகக் கலங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் முதல் குழந்தை வீலென்று அழுதது. நான் டூல்ஸ் பையை மூடினேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கருவி குறைத்துச் சொன்னால், குப்பியைக் கொட்டுமுன் கருவியை ஐஸில் வையுங்கள். மைனஸ் தப்பைக் கழித்தால் அளவு ஏறும்.

இறக்கம் முழுக்க அந்த அழுகை காதில் இருந்தது. ஊர் வந்ததும் பஸ் ஹாரனில் கரைந்துபோனது. என் வீட்டு பிரிட்ஜில் ஒரு தண்ணீர் பாட்டில், பாதி தயிர். அதற்குள்ளும் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் எதையாவது விசாரிக்க வேண்டியிருக்கிறதே.