சபாநாயகர் போட்ட ஒரே ஓட்டு

இருபத்தாறு வருஷம் நீதிபதியாக இருந்த ஒருத்திக்குத் தேர்தலில் நிற்க என்ன தகுதி என்று இப்போது கேட்டால், ஒன்றும் கிடையாது என்றுதான் சொல்வேன். முதலில் எனக்குக் கும்பிடவே தெரியாது. கோர்ட்டில் ஊரே எனக்குக் கும்பிடு போடும், நான் தலையை இரண்டு அங்குலம் அசைப்பேன். அதே அசைவைத்தான் ஓட்டுக் கேட்கப் போன தெருவெல்லாம் செய்துகொண்டு போனேன். கூட வந்த கட்சிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "அம்மா, ரெண்டு கையையும் சேத்து வச்சாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

நான் தேர்தலில் நின்றதற்குக் காரணம் என் கணவர். அவர் அரசுப் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் பிடிக்காது. நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மூன்றே மாதத்தில் பால்காரரையும் வேலைக்கார அம்மாவையும் எதிரெதிரே நிற்கவைத்து, பால் பாக்கெட்டைப் பூனை கிழித்ததா, வரும்போதே கிழிந்திருந்ததா என்று விசாரணை நடத்தினேன். மறுநாளிலிருந்து இரண்டு பேருமே வீட்டுப் பக்கம் வரவில்லை. "அழுக்குப் படாத ஒரு முகம் வேணும்" என்று கட்சிக்காரர்கள் வந்து கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் "எப்போ வரணும்?" என்று கேட்டுவிட்டார்.

பிரசாரத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் சாக்கடை அடைத்துக் கிடக்கிறது என்றார். நான் எப்போதிலிருந்து என்றேன். பொங்கலிலிருந்து என்றார். "எழுத்துமூலமாப் புகார் குடுத்தீங்களா? நகல் இருக்கா?" என்றேன். அந்த அம்மா என் கையை விட்டுவிட்டார். அப்படியும் ஜெயித்தேன். எதிரே நின்றவர் அந்த அளவுக்கு ஊரில் பேர் வாங்கியிருந்தார்.

ஜெயித்த பிறகு யாருக்கு எந்த மந்திரி பதவி என்று ஒரு வாரம் இழுபறி நடந்தது. எல்லாப் பதவிக்கும் நாலு பேர் அடித்துக்கொண்டார்கள். சபாநாயகர் நாற்காலியை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கோ எதிரிகளும் கிடையாது, நண்பர்களும் கிடையாது. நீதிபதி என்றால் கல்யாணத்துக்குப் போகக் கூடாது, கடைவீதியில் நின்று பேசக் கூடாது, நாளைக்கு யார் கூண்டில் வந்து நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. அப்படியே இருந்து பழகியவள். மீன் வாங்கக்கூட என் கணவர்தான் கடலோரத்து வைத்திக்குப்பத்துக்குப் போவார். ஆக, யாருக்கும் வேண்டாதவள் என்ற ஒரே காரணத்தால் எல்லோரும் ஒருமனதாக என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

உட்கார்ந்த முதல் வாரமே மானம் போயிற்று. ஏதோ ஒரு பிரச்சினையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோஷம் போட்டுக்கொண்டு வெளிநடப்பு செய்தார்கள். வெளிநடப்பு என்றால் போய்விட்டார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. கோர்ட்டில் வழக்குக்காரர் கூண்டுக்கு வரவில்லை என்றால் டவாலிச் சேவகர் வராந்தாவில் நின்று அவர் பேரை மூன்று முறை கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் மேலே போனால் அது அநியாயம். நான் அவைக் காவலரைக் கூப்பிட்டு, "மூணு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். அந்த மனுஷர் என்னை ஒரு தடவை பார்த்தார், கூரையை ஒரு தடவை பார்த்தார், பிறகு தாழ்வாரத்துக்குப் போய் எதிர்க்கட்சித் தலைவரின் பேரை அடித்தொண்டையிலிருந்து மூன்று முறை கூவினார். தலைவர் கேன்டீனில் கையில் வடையோடு இருந்திருக்கிறார். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று பயந்து வடையோடே ஓடி வந்தார். வெளிநடப்பு செய்தவர் அரை மணி நேரத்துக்குள் உள்ளே வந்துவிட்டார் என்று ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. அதற்கு அவர் மறுபடி வெளிநடப்பு செய்ய வேண்டியதாயிற்று.

சபையின் செயலாளர் பொறுமைசாலி. தினமும் என் அறைக்கு வந்து, "மேடம், இது கோர்ட் இல்ல" என்று ஆரம்பித்து ஒவ்வொரு விதியாகச் சொல்லிக்கொடுத்தார். நானும் கற்றுக்கொண்டேன். விதிகளைப் படிப்பதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. விதியில் எழுதாத விஷயங்களில்தான் இடறிக்கொண்டே இருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் மீன் விவகாரம் வந்தது. வைத்திக்குப்பத்தில் சாலை ஓரமாகப் பெண்கள் உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். காலையில் அந்த வழியாக ஒரு வண்டி நகராது. ஊருக்குள்ளே சாரம் என்ற இடத்தில் மீன் விற்பதற்கென்றே ஒரு கட்டடம் கட்டி, திறக்காமல் பூட்டியே கிடந்தது. இந்தப் பெண்களை அங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு உறுப்பினர் தனிநபர் தீர்மானம் கொண்டுவந்தார். ஏழைப் பெண்களைக் கடற்கரையிலிருந்து விரட்டுவதா, அவர்கள் வயிற்றில் அடிப்பதா என்று இன்னொரு பக்கம் கொதித்தது. கட்சி பேதமில்லாமல் சபை இரண்டாகப் பிரிந்தது. ஓட்டெடுப்பு திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் மீன்காரம்மா வந்து நின்றாள். என் கணவருக்கு வருஷக்கணக்காக மீன் கொடுப்பவள். தலையில் கூடை, கையில் மடித்த ஒரு காகிதம். "ஜட்ஜம்மாவைப் பாக்கணும் சார், ரெண்டு வார்த்தை" என்று அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. நான் சபாநாயகர் ஆன பிறகும் அவளுக்கு ஜட்ஜம்மாதான்.

நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு கணவரிடம் சொன்னேன். "விஷயம் சபையில இருக்கு. ஒரு தரப்பை மட்டும் வீட்டுல வச்சுக் கேக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்புங்க."

"மீன்காரம்மா வந்திருக்காங்க. எதிர்த்தரப்பு யாரு, வஞ்சிரமா?" என்றார் அவர்.

"விளையாடாதீங்க. அந்தக் காகிதத்தையும் வாங்காதீங்க. மீனும் வேணாம்."

அவர் போய்ச் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கத்திரிக்காய்க் குழம்பு. என் கணவர் கத்திரிக்காயைத் தட்டோரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை. அவள் என்ன சொல்ல வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? எங்களை விரட்டாதீங்க என்று அழுதிருப்பாள். அந்த அழுகைக்கு மசியாமல் நின்றேனே என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எண்ணினார்கள். ஓட்டு சரிசமமாக விழுந்தது. செயலாளர் சீட்டை என்னிடம் நீட்டினார். முடிவு என் ஓட்டில். சபை மொத்தமும் என் முகத்தைப் பார்க்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தெளிவான குரலில், "தீர்ப்புக்காக ஒத்திவைக்கிறேன்" என்றேன்.

அந்தச் சபையில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்கு ஒருநாள்தான். எதிர்க்கட்சித் தலைவருக்குப் புரையேறியது. செயலாளர் என் காதருகே குனிந்து, "மேடம், இங்க ஒத்திவைக்கல்லாம் முடியாது. இப்பவே சொல்லணும். சமமா விழுந்தா, இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்னு போடறதுதான் மரபு" என்றார். மரபு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டேன். பெண்கள் வைத்திக்குப்பத்திலேயே இருக்கட்டும். தோற்ற தீர்மானத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது என்ற விதியையும் நானே கணீரென்று வாசித்தேன்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் கட்சிக்காரர்கள் பேனர் கட்டினார்கள். மீனவப் பெண்களைக் காத்த தாயே என்று கொட்டை எழுத்து, அதன் கீழே நான், என் பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக ஒரு வஞ்சிரம். என் கணவர் அதைப் பார்த்து, "மீன் நல்லா வந்திருக்கு" என்றார்.

விஷயம்தான் முடிந்துவிட்டதே, இனி யாரிடமும் பேசலாம். வாழ்க்கையில் முதல்முறையாக நானே மீன் வாங்கக் கிளம்பினேன். பொய் சொல்வானேன், நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன். பதினோரு மணி வெயில். மீன்காரம்மா கம்பி ஒடிந்த குடைக்குக் கீழே குந்தியிருந்தாள்.

"இன்னா ஜட்ஜம்மா, நீங்களே வந்துட்டீங்க?"

"சும்மாதான். உங்களுக்கெல்லாம் சந்தோஷம்தானே?"

அவள் சங்கரா மீனைத் தராசில் வைத்தாள். "அன்னிக்கி வூட்டுக்கு வந்தனே, பதினெட்டு பேரு கையெழுத்து வாங்கி எடுத்தாந்தேன். படிக்கத் தெரியாதவங்க ரேகை வச்சாங்க. அந்தக் கட்டடத்தத் தொறந்து வுடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"மாத்தணும்னா? நீங்களா கேட்டீங்க?"

"பின்ன? மேல கூரை இருக்குது, கொழாயில தண்ணி வருது. அதுகூட பரவாயில்லம்மா. பொம்பளைங்களுக்கு கக்கூசு கட்டியிருக்காங்க. இங்க விடியக்காலம் வந்து குந்துனா வூட்டுக்குப் போவ ரெண்டு மணி ஆவுது. அதுவரைக்கும் எங்க போறது, சொல்லுங்க?"

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரை நேரில் பார்த்துத் தண்டனை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் வராத வெட்கம் அன்றைக்கு வந்தது. இரண்டு பக்கமும் கேட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மணிக்கணக்காகப் பேசிய அந்த இரண்டு பக்கத்திலும் இவள் இல்லை.

"மறுபடி எப்ப பேசுவாங்கம்மா?" என்று கேட்டாள்.

"ஒரு வருஷம் ஆகும்" என்றேன். அந்த விதியை வாசித்தது யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒரு வருசமா" என்றாள். கோபப்படவில்லை, தலையைக் குனிந்து மீனுக்குச் செதில் எடுக்க ஆரம்பித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் என் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். மீன்மேல் தெளித்தாள், கத்தியைக் கழுவினாள், மிஞ்சிய ஒரு வாய்த் தண்ணீரையும் குடிக்காமல் கன்னத்தில் தடவிக்கொண்டு, காலி பாட்டிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.