சிங்கப்பூரில் காற்று வீசாத ஒரு கடற்கரை

கடந்த ஆகஸ்டில் ஐந்து நாள் சிங்கப்பூர் போயிருந்தேன். பெரியப்பா மகன் சேவியர் அண்ணன் அங்கே துவாஸில் கப்பல் பட்டறை வெல்டர். ஞாயிறு மட்டும்தான் அவருக்கு விடுமுறை. அந்த ஞாயிறு அவர் மகள் ஜெனிக்கு ஐந்து வயது நிறைந்தது. அப்பா கடலைக் காட்டிக்கொண்டே கேக் வைக்க வேண்டும், மெழுகுவர்த்தியை வீடியோ காலில் அவள்தான் ஊதுவாள். சாத்தூர் வீட்டிலிருந்து வந்த உத்தரவு இது.

கடலோரத்தில்தான் வேலை, ஆனாலும் மகளுக்கு இதுவரை கடலைக் காட்டியதில்லை. பட்டறைக்குள் போன் கூடாது. விடுதி ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். வேலைக்கு லாரியின் பின்புறத்தில் ஏற்றிப் போகிறார்கள். அவருக்குக் கிடைக்கும் காற்று அவ்வளவுதான். இவ்வளவு பணம் உள்ள ஊர் இதற்கு வெட்கப்பட வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டோம். சின்ன கேக் பன்னிரண்டு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறி மரீன் பரேடுக்கு நாற்பது நிமிடம், கட்டணம் ஏறக்குறைய இரண்டு வெள்ளி. பத்து நிமிடம் நடந்தால் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா. வரிசையாகக் கப்பல்கள், எனக்கு அந்த இடத்தை விட்டு வரவே மனமில்லை. ஆனால் அடித்த காற்றில் மெழுகுவர்த்திச் சுடர் நிற்கவில்லை. என் துப்பட்டா, கேக் பெட்டி மூடி, அண்ணனின் தொப்பி எல்லாவற்றையும் சுற்றிப் பிடித்தோம்.

"ஜெனிக்கு முந்திக்கிட்டு இது ஊதுதே" என்றார் அண்ணன்.

மதினி போனில் சொன்னார்: "ரெண்டரைக்கு மேல இவ தாங்க மாட்டா, தூங்கிருவா."

சாத்தூரில் இரண்டரை என்றால் சிங்கப்பூரில் ஐந்து. மணி நான்கு ஆகிவிட்டது.

போனில் காற்று வரைபடத்தைத் திறந்தேன். அம்புகள் எல்லாம் தென்கிழக்கிலிருந்து வந்தன. கடல்மேல் அந்தக் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. மதியம் நிலம் சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்போது, கடல்காற்றும் அந்த இடத்துக்கு ஓடி வருகிறது. இரண்டும் சேர்ந்து நாங்கள் நின்ற தெற்குக் கரையில் அடிக்கின்றன. பிறகு மரங்களிலும் அடுக்குமாடிகளிலும் உரசி, தீவைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். வடக்குக் கரையில் மரங்களை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் போதும். அந்தப் பக்கம் இருக்கும் பாசிர் ரிஸ் கடற்கரைக்கு டாக்ஸி பிடித்தோம்.

ஓட்டுநர் சிங்கப்பூர்த் தமிழர். "பாசிர் ரிஸ்ஸா? அங்க காத்தே இருக்காது லா, புழுங்கும்."

"அதுக்குத்தான் அண்ணே போறோம்."

கண்ணாடியில் கேக்கைப் பார்த்தார். "ஏர்கான் கூட்டுறேன். கேக்காவது ஜில்லுன்னு போகட்டும்."

இருபது நிமிடம், பத்தொன்பது வெள்ளி. பாசிர் ரிஸ் மரத்தடியில் இலை அசையவில்லை, சட்டை முதுகில் ஒட்டியது. சுடர் நேராக நின்றது.

"அப்பா, இதுதான் உங்க கடலா? சின்னதா இருக்கு. அந்தப் பக்கமும் மரம் தெரியுது."

"இது கொல்லைப்புறத்துக் கடல்மா. நீ ஊது."

ஊதினாள். சுடர் அப்படியே நின்றது. அவ்வளவு யோசித்த நாங்கள் இதை யோசிக்கவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். ஜெனி மறுபடி கன்னத்தை உப்பினாள். நான் போனுக்குக் கீழே குனிந்து, அவளோடு சேர்ந்து ஊதினேன்.

"அணைஞ்சிருச்சு, அம்மா, நான்தான் அணைச்சேன்."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லக்கூட அங்கே காற்றில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் காற்று வாங்க ஈஸ்ட் கோஸ்ட் போங்கள். டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்குக்கு மாறிவிடும், கரையையும் மாற்றிக்கொள்ளுங்கள். துவாஸில் உங்களுக்கு யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமையை அவருக்கு ஒதுக்குங்கள். மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறீர்கள் என்றால், குனிந்து ஊத ஒரு ஆள் வேண்டும்.