ஒன்பது ராசாவை வெட்டும்

நிகழ்தகவுப் பாடத்தின் முதல் பரீட்சைத் தாளைத் திருப்பித் தந்தபோது, சீட்டுக்கட்டுக் கேள்விக்கு நேரே சிவப்புப் பேனையால் ஒரு முட்டை போட்டிருந்தது. இருந்ததிலேயே புள்ளி கூடிய கேள்வி அதுதான். கணக்கில் எனக்கு முட்டை போடுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்ற நினைப்பில் திரிந்தவள் நான். விரிவுரை முடியும்வரை கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. எப்படிப் பிழைக்கும்? திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அதே விடைதான் வந்தது.

அந்தப் பாடத்தில் நல்ல பெறுபேறு வந்தால்தான் புள்ளிவிபரவியலில் விசேட பட்டத்துக்கு எடுப்பார்கள். இல்லாவிட்டால் எல்லாரோடும் சேர்ந்து பொதுப் பட்டத்தோடு வெளியே வரவேண்டியதுதான். பொதுப் பட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கு மற்றது வேண்டும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு, அப்பா சொல்கிற கம்பஸுக்கு, வந்ததே அதற்குத்தான். ஒரு முட்டை வந்து அதைக் கெடுக்க விடுவேனா?

தாளைத் தூக்கிக்கொண்டு நேரே பாடம் எடுக்கிற மிஸ்ஸின் அறைக்குப் போனேன். மிஸ் கொழும்பில் வளர்ந்தவா. எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். நான் நின்ற நிலையைப் பார்த்தே விளங்கியிருக்க வேண்டும்.

"இரும். என்ன பிரச்சினை?"

"மிஸ், நாலு சீட்டு எடுத்தால் அதில ஒரு ஜாக்காவது வாறதுக்கு நிகழ்தகவு கேட்டிருக்கிறீங்கள். நான் செய்தது சரி. ஒருக்கா வடிவாப் பாருங்கோ."

அவா தாளை வாங்கிப் பார்த்தா. "முப்பத்திரண்டு எண்டு போட்டிருக்கிறீர். அது எங்கயிருந்து வந்தது?"

"கட்டில இருக்கிற சீட்டு, மிஸ்."

"சீட்டுக்கட்டில ஐம்பத்திரண்டெல்லோ?"

ஐம்பத்திரண்டாம்! பிறகு அவா அடுத்த பக்கத்தைப் புரட்டினா. முதல் சீட்டு ராசா என்று தெரிந்தால், அடுத்த சீட்டு அதைவிடப் பெரிதாக இருக்க என்ன நிகழ்தகவு என்பது அந்தக் கேள்வி. நான் பதினாறின் கீழ் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தேன்.

"ராசாவுக்கு மேல பதினாறு சீட்டோ?"

"ஓம் மிஸ். ஜாக் நாலு, ஒன்பது நாலு, ஆஸ் நாலு, பத்து நாலு."

"ஒன்பது ராசாவை வெட்டுமோ?"

"வெட்டும், மிஸ். வெட்டாமல்?"

அவா சிரித்த சிரிப்பு வெளி விறாந்தைக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கரையில் கடல் கொந்தளித்து வள்ளம் இறக்க முடியாத நாட்களில் மீன்வாடிக் கொட்டிலுக்குள் இருந்து விளையாடுவது முந்நூற்றுநாலு. செத்த வீட்டில் சனம் கண் முழித்திருக்க விளையாடுவதும் அதுதான். ஏழுக்குக் கீழே உள்ள சீட்டுகளைக் கழித்துவிட்டுத்தான் ஆட்டமே தொடங்கும். ஜாக்குக்கு முப்பது புள்ளி, ஒன்பதுக்கு இருபது. பாவம் ராசாவுக்கு வெறும் மூன்று. ஆள் குறைகிற நேரமெல்லாம் அப்பா என்னைக் கூப்பிட்டு நாலாவது கையாக இருத்துவார். எங்கள் வீட்டில் இரண்டும் மூன்றும் நாலும் சீட்டே இல்லை. அம்மா அவற்றில் வலை பொத்துகிற தங்கூசி நூலைச் சுற்றி வைப்பா. மாதா சுரூபம் ஆடாமல் நிற்க அடியில் ஒரு ஐந்து மடித்து வைத்திருந்தது. அந்த ஐந்தும் கட்டில் ஒன்று என்று யாருக்கு ஞாபகம் வரும்?

இவ்வளவையும் மூச்சு விடாமல் மிஸ்ஸுக்குச் சொன்னேன். முதலில் நாலு நாலாகப் பிரிப்பது, அதைப் பார்த்து இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்பது, பிறகுதான் மற்ற நாலைக் கொடுப்பது, எல்லாம். "எதிர்ல இருக்கிற என்ர சோடி துணிஞ்சு கேட்டால், அந்தாளிட்ட ஜாக் இருக்கு எண்டு நான் பிடிச்சிடுவன், மிஸ். பிறகு மிச்சச் சீட்டைப் பற்றி என்ர கணக்கே வேற."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். நிபந்தனை நிகழ்தகவு என்று மூன்று கிழமையாக இங்கிலிஷில் வாட்டி எடுத்தார்களே, அது இதுதானே! அதுவரை எனக்கு நடுக்கோடு போட்ட அந்தச் சூத்திரம் வேறு, வாடி வேறு என்றிருந்தது. அட, நான் பத்து வயதில் செய்த வேலை!

மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டா. "உம்மட வழி முழுக்கச் சரி. கட்டுத்தான் வேற. ஆனால் நான் புள்ளி போட ஏலாது. வினாத்தாளில சாதாரண சீட்டுக்கட்டு எண்டு இருக்கு."

"எங்களுக்கு இதுதான் சாதாரணம், மிஸ்."

"இறுதிப் பரீட்சையில எனக்குச் சாதாரணமானதை எழுதும்."

ஒரு புள்ளிகூடத் தரவில்லை. கோபம் ஒரு பக்கம் இருக்க, அவாவைப் பிடித்தும் போய்விட்டது.

அதன் பிறகு எந்தக் கேள்வி வந்தாலும் எனக்குப் பயமில்லை. பழுதான மின்குமிழ் என்றாலும், நோய்ப் பரிசோதனை என்றாலும், யார் என்ன கேட்டார்கள், அதிலிருந்து எனக்கு என்ன தெரியும் என்றுதான் பார்ப்பேன். விடுதிப் பெட்டைகள் என் கட்டிலைச் சுற்றி வந்து இருந்து கேட்கத் தொடங்கினார்கள். கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

இறுதிப் பரீட்சையிலும் சீட்டுக்கட்டு வந்தது. விடைத்தாளின் மேலே ஐம்பத்திரண்டு என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டுத்தான் தொடங்கினேன். எல்லாம் முடித்து, தாளைக் கட்ட நூலை எடுத்தபோது கண் ஒரு இடத்தில் போய் நின்றது. நாலு ஜாக்கையும் கழித்த மிச்சம் இருபத்தெட்டு என்று எழுதியிருந்தேன். ஐயோ, நாற்பத்தெட்டெல்லோ! தலை ஐம்பத்திரண்டு என்று பாடம் பண்ணியிருக்க, கை வாடிக்குள் போய் இருந்து விளையாடியிருக்கிறது. விசேட பட்டம் அந்த ஒரு வரியில் தொங்கியது. மேற்பார்வையாளர் தாள் சேர்த்துக்கொண்டு என் வரிசைக்கு வருவதற்குள் வெட்டி, திருத்தி, விடையை மாற்றி எழுதினேன்.

பெறுபேறு வந்த அன்று நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டியபோது போனில் பார்த்தேன். ஏ. ஒருக்கால் மூடித் திறந்து பார்த்தேன், ஏ தான். பக்கத்தில் இருந்த அக்கா பயந்துபோய்த் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். இறங்கி ஓடி, றோட்டுக் கரைக் கடையில் அப்பாவுக்குப் புதுச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன்.

நான் போனபோது அப்பா வாடியில் இரண்டு பேரோடு, ஆட்டத்துக்கு ஒரு கை பற்றாமல் இருந்தார். விசேட பட்டத்துக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன். "தெரியும், கிடைக்கும் எண்டு" என்றார். அவ்வளவுதான். ஆனால் கட்டின் உறையைக் கிழிக்க அவருக்கு மூன்று தரம் பிடித்தது, கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு வழக்கம்போல இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று பொறுக்கி எடுத்தார். நான் அந்த முட்டையின் கதையைச் சொல்லச் சொல்ல, மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. பொறுக்கிய இருபதையும் ஒழுங்காக அடுக்கி என் மடியில் வைத்தார்.

"இந்தா பிள்ளை, உன்ர கம்பஸ். பத்திரமா வை" என்றார். "இப்ப வந்து இரு. கை குறையுது."