பசுவின் மூக்கும் என் மூக்கும்

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. திரும்பி வந்தபோது ஐந்து. ஒரு மாத லீவு. பூண்டுலோயாவிலிருந்து ஆட்டோ பிடித்து, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசை முன்னால் வந்து இறங்கினார். நான் அத்தையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அத்தை, அப்பாவின் அக்கா. என்னை வளர்த்தவர். அவர் மேல் கொழுந்துக் கறையும் அடுப்புப் புகையும் மணக்கும். வந்தவர் மேல் சென்ட் மணந்தது. எனக்குக் குமட்டியது.

எங்கள் பசு அப்படியில்லை. கன்றிலிருந்து அம்மா புல் போட்டு வளர்த்த மாடு. அம்மா மாட்டுப்பட்டிப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், மூக்கைத் தூக்கி இரண்டு தரம் இழுத்தது. பிறகு கத்தத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

"மூணு வருசம் கழிச்சும் மாட்டுக்கு ஆளு தெரியுது. பெத்த புள்ளைக்குத் தெரியல பாரு," என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா.

"மாட்டுக்குத்தான் நான் ஒண்ணுமே வாங்கிட்டு வரல," என்று அம்மா சிரித்தார்.

சென்டை அன்றே விட்டுவிட்டார். அந்தக் குளிரிலும் இரண்டு வேளை, மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீரில் குளித்தார். அப்படியும் நான் போகவில்லை. சாக்லேட்டை வாங்கிக்கொள்வேன். தூக்க வந்தால் கத்துவேன். மூன்று வாரம் ஓடிவிட்டது.

அவர் திரும்பிப் போக நான்கு நாள் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல். அன்று காலை நடந்ததைப் பல வருடம் கழித்து அத்தைதான் சொன்னார்.

"அண்ணி, நேத்து நீங்க கட்டுன சேலையக் குடுங்க," என்றாராம் அம்மா.

"அது ஒரே கறை புள்ள. தொவைக்கணும்."

"தொவைக்காம குடுங்க. ஒரு தடவையாவது புள்ளைய அணைச்சுப் படுத்துட்டுப் போறேன்."

அத்தை சேலையைக் கொடுத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போனார். அம்மா அதைக் கட்டிக்கொண்டு முதலில் மாட்டுக்குப் புல் போடப் போனாராம். பட்டிப் பலகைக்கு வெளியே நிற்கும்போதே பசு கத்தியதாம். மாட்டை ஏமாற்ற முடியாது. எந்தச் சேலைக்குள் இருந்தாலும் ஆளைப் பிடித்துவிடும். மனுஷ மூக்கு சேலையோடு நின்றுவிடும்.

என்னை ஏமாற்ற முடிந்தது.

மதியம் மழை. காம்பரா இருட்டு. தலையோடு போர்த்திக்கொண்டு ஒருவர் என் பக்கத்தில் வந்து படுத்தார். கொழுந்துக் கறை மணந்தது. அத்தை வந்துவிட்டார் என்று நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். உச்சந்தலையில் ஈரம் பட்டது. கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று நினைத்தேன். அப்புறம் அந்த நெஞ்சு குலுங்கியது. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

சாயந்தரம் அத்தை மழையில் நனைந்து மலையிலிருந்து வந்தார். அம்மா தன் உடுப்பை மாற்றிக்கொண்டு அடுப்பு முன்னால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"மத்தியானம் படுத்திருக்கும்போது ஏன் அத்தை அழுதீங்க?" என்றேன்.

அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா திரும்பவில்லை. ரொட்டி கருகியது.

"தல வலிச்சிச்சு சாமி," என்றார் அத்தை.

நான் அவர் மடியில் ஏறி நெற்றியை அழுத்திவிட்டேன். அத்தை அம்மாவைப் பார்த்தபடியே என் கையைத் தள்ளித் தள்ளி விட்டார். வலி அதிகம் போல என்று இன்னும் அழுத்தினேன்.